மூன்றாம் அட்டை

பின்கதவு மூடிக்கொண்டது. முன்கதவு திறக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம். கையை விரித்தால் இரு பக்கச் சுவரும் தட்டும். காலுக்குக் கீழே இருப்பது எடை பார்க்கும் தட்டு. உள்ளே வருவது ஒரே ஆள்தானா, அவர் முதுகோடு இன்னொருவர் ஒட்டிக்கொண்டு வருகிறாரா என்று அது பார்க்கும். பார்த்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். அவர் நின்றார்.

கூரையோரத்து ஒலிபெருக்கியில் வெளியே இருக்கும் காவலாளியின் குரல் கரகரத்தது.

“மூணு சார், ஆடாம நில்லுங்க. மெஷினுக்கு உங்க மேல சந்தேகமா இருக்கு.”

“ஏன், குண்டாயிட்டனா?”

“இளைச்சுட்டீங்க. போன வருஷத்துக்கு இப்ப ரொம்பக் கம்மி. சமையல் சரியில்லயா?”

“சமையல் சரியாத்தான் இருக்கு. சமைக்கிறவன்தான் சரியில்ல.”

முன்கதவு திறந்தது.

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூணு சார். காரணம் அவர் கையில் இருக்கும் அட்டை. ஐந்து பேரிடம் ஐந்து அட்டைகள் உண்டு. அவருடையது மூன்றாவது. சம்பளக் கணக்குப் பிரிவில் ஒரு மேசை, ஒரு கணிப்பொறி, ஜன்னலை மறைக்கும் ஓர் அலமாரி, இவற்றோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை ஒரு நாள் மேலே கூப்பிட்டு, நம்பகமான ஆள் வேண்டும் என்றார்கள். ஏன் நான் என்று கேட்டார். உங்களைப் பற்றி விசாரித்தோம், யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை என்றார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னார்.

மனைவி சிரித்தாள். “நம்ம வீட்டு பீரோ சாவி எங்கன்னு கேட்டா மேல கீழ பாப்பீங்க. உங்க கையில ஊர்ச் சாவியக் குடுத்திருக்காங்களா.”

அந்த நிறுவனத்தின் தொழில் சாட்சி சொல்வது. அவள் நம்பவில்லை. அப்படி ஒரு தொழில் இருக்குமா என்றாள். அவள் சமையலறையில் நின்றபடி போனில் மின்சாரக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் அதையே வைத்து விளக்கினார்.

“நீ பணம் கட்டறதுக்குத் தொட்டதும் உன் போன் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு வணக்கம் சொல்லுது. எனக்கு இன்னின்ன ரகசிய பாஷை தெரியும்னு சொல்லுது. அது, சரி, இதுல பேசலாம்னு ஒண்ணை எடுத்துக்கிட்டு, நான்தான் இன்னார்னு ஒரு சான்றிதழை நீட்டுது.”

“எவன் வேணா நீட்டலாமே.”

“அதுக்குத்தான் அடியில ஒரு கையெழுத்து இருக்கும். போட்டவர் யாருன்னு உன் போன் பாக்கும். அவருக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டிருப்பார். அவருக்கு மேல ஒருத்தர்.”

“மேல போயிக்கிட்டே இருந்தா?”

“கடைசியா ஒருத்தர் இருப்பார். அவருக்கு அவரே கையெழுத்துப் போட்டுக்குவார்.”

“அவரை எதை வெச்சு நம்பறது?”

“போன் செய்யும்போதே அவர் பேரை உள்ள போட்டுத்தான் விக்கறாங்க. நம்பித்தான் ஆகணும்.”

“மாமியார் மாதிரின்னு சொல்லுங்க. கூடவே வர்றது.”

அவர் பொருட்படுத்தாமல் தொடர்ந்தார். ஆள் யார் என்று தெரிந்த பிறகு இரண்டு கணிப்பொறிகளும் ஆளுக்கோர் எண்ணை மனதுக்குள் நினைத்துக்கொள்ளும். அதை வெளியே சொல்லாது. அதை வைத்து ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் ஊரே கேட்கும்படி சொல்லும். இது சொன்ன விடையை அது தன் எண்ணோடு சேர்க்கும். அது சொன்னதை இது சேர்க்கும். இரண்டுக்கும் ஒரே எண் வந்து நிற்கும். நடுவில் ஒட்டுக் கேட்டவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த எண்தான் சாவி. அதை வைத்துப் பூட்டித்தான் பிறகு எல்லாம் பேசும். பேச்சு முடிந்ததும் சாவியைத் தூக்கிப் போட்டுவிடும்.

“நல்ல பழக்கம்,” என்றாள். “உங்களுக்கு வராது.”

கடைசியாக இருக்கும் அந்த ஒருவர் என்பது உண்மையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. தையல் மெஷின் மூடி அளவு இருக்கும். அதற்குள்தான் தாய்ச்சாவி. அது பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை, வரவும் முடியாது. பெட்டியைத் திறக்கப் பார்த்தால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை இந்த அறைக்குள் ஆட்கள் கூடி, மூன்று அட்டைகளைச் செருகி அதை எழுப்புவார்கள். கீழே இருக்கும் சாவிகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அது மறுபடியும் இரும்புப் பெட்டகத்துக்குள் போய்விடும். அலுவலகத்தில் இதைச் சடங்கு என்பார்கள்.

அட்டைக்காரர்களுக்கென்று விதிகள் உண்டு. ஊரை விட்டுப் போவதானால் எழுதிக் கொடுக்க வேண்டும். கூப்பிட்டால் அன்றைக்கே வந்து சேரும் தூரத்தில்தான் குடியிருக்க வேண்டும். அட்டையை விட்டுவிட நினைத்தால் விட முடியாது. இன்னொருவரிடம் ஒப்படைக்கத்தான் முடியும். அதுவும் இந்த அறைக்குள், இந்தச் சடங்கின் நடுவில் மட்டும்.

மனைவி செவிலியர். அவளுக்கு மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு வந்தது, வேறு ஊரில். பஸ்ஸில் ஏறினால் பாதி நாள். நீ முன்னால் போ, அடுத்த தடவை உள்ளே போகும்போது ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். அவள் போனாள். அடுத்த தடவை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் விசாரணையில் தேறவில்லை. அதற்கடுத்த தடவைக்கு வந்தவர் சடங்குக்கு முந்தைய வாரம் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

“அஞ்சு அட்டையில மூணு இருந்தாப் போதும்ங்கறீங்க,” என்று அவள் ஒரு முறை போனில் கேட்டாள். “அப்ப நீங்க இல்லாட்டி என்ன குடி முழுகிப் போகுது?”

“அஞ்சு பேர் இருக்கணும்னு விதி. நாலாயிட்டா ஆய்வுக்கு வர்றவங்க அங்கீகாரத்தையே ரத்து பண்ணிடுவாங்க.”

“அஞ்சாம் சக்கரம்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்பத்தான் பாக்கறேன்.”

போன வாரம் அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது. “வர்றதா இருந்தா வாங்க,” என்றாள். “இல்லேன்னா இருங்க. ஆனா இனிமே எனக்குத் தேதி சொல்லாதீங்க.”

*

அறைக்கு ஜன்னல் இல்லை. நடுவில் ஒரு மேசை, அதன் மேல் சாம்பல் பெட்டி, ஒரு மடிக்கணினி, எண் பலகையோடு கூடிய சிறிய அட்டைப் பொறி. ஒரு மூலையில் ஆளுயர இரும்புப் பெட்டகம். நான்கு மூலையிலும் கேமரா. போன், கடிகாரம், பேனா எல்லாவற்றையும் வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள். சடங்கு முடியும்முன் யாராவது வெளியே போனால் அன்றைக்கு நடந்தது அத்தனையும் செல்லாது.

சடங்கை நடத்துபவர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கும் ஒரு பெண். நடத்துநர் என்பது அவருடைய பதவி. டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்காத ஆளே அலுவலகத்தில் இல்லை, அவரும் அதற்குச் சிரிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. அவர் கையிலிருக்கும் தாளிலிருந்து ஒவ்வொரு படியையும் உரக்கப் படிப்பார். செய்து முடித்ததும் வெளியிலிருந்து வந்திருக்கும் ஆடிட்டர் தன் தாளில் குறி போடுவார். அந்த அறையில் பேனா வைத்திருக்கும் ஒரே ஆள் அவர்தான். ஒன்றாம் அட்டைக்காரரும் ஐந்தாம் அட்டைக்காரரும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டால் எழுந்து வந்து அட்டையைச் செருகுவார்கள், மற்ற நேரம் கொட்டாவி விடுவார்கள்.

புதிய ஆள் கேஷியரம்மா. கீழ்த்தளத்தில் கட்டணம் வாங்கும் கவுன்டரில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். அவர் இவரருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இங்க பாத்ரூம் எங்க சார்?”

“இல்ல.”

“இல்லேன்னா?”

“போயிட்டு வரச் சொல்லிக் கடிதத்துல எழுதியிருப்பாங்களே.”

“கடிதத்தை யாரு கடைசி வரைக்கும் படிக்கறா.” கேஷியரம்மா காலை மடக்கி உட்கார்ந்தார். “உங்களுக்கு இதுல சலிப்பே வரலயா?”

“வந்துது.”

“எனக்கு வராது. நான் எங்க போகப் போறேன். பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் இந்த ஊரு, அதே கவுன்டர், அதே ஜன்னல். எப்படியும் கட்டிப் போட்டிருக்கு. இன்னொரு கயிறு விழுந்தாத் தெரியவா போகுது.”

இரண்டு வருடம் கழிச்சு இப்படிப் பேச மாட்டீங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுந்து போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. “பழகிடும்,” என்றார்.

நடத்துநர் படிக்கத் தொடங்கினார். பெட்டகம் திறந்தது. புதிய அட்டை இருந்த பையை எடுத்து, முத்திரையில் இருந்த எண்ணை இரண்டு பேர் படித்து, ஆடிட்டர் சரிபார்த்து, பையைக் கிழித்தார்கள். மூணு சார் தன் பழைய அட்டையைச் செருகி, கடைசி முறையாகத் தன் எண்ணை அழுத்தினார். மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். எண் போடும்போது அப்படித்தான். தரையில் ஒவ்வொருவருக்கும் மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கிறது. அதில் நின்று, முகத்தைச் சுவருக்குக் கொடுத்து, நடத்துநர் சொல்லும்வரை அப்படியே இருக்க வேண்டும். பள்ளியில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி இருக்கும். அத்தனை வருடங்களில் அவர் ஒரு முறைகூடத் திரும்பியதில்லை.

“அடுத்த படி,” என்றார் நடத்துநர். “புதிய மூன்றாம் அட்டைதாரர் ஆறு இலக்க எண்ணைத் தேர்ந்தெடுத்து இரண்டு முறை பதிய வேண்டும். மற்றவர்கள் திரும்பி நிற்கவும்.”

மூணு சார் தன் பட்டைக்குப் போனார். அது பெட்டகத்துப் பக்கச் சுவர். வழக்கமாக இந்த நேரத்தில் பெட்டகம் மூடியிருக்கும். இன்று ஒப்படைப்புக்காகப் புதிதாக நான்கைந்து படிகள் சேர்த்திருந்தார்கள். புது அட்டை திரும்ப உள்ளே போக வேண்டும் என்பதால் கதவைப் பாதி திறந்தே விட்டிருந்தார்கள். கதவின் உட்புறம் பூச்சு இல்லாத எஃகு. அதில் அறை தெரிந்தது. மேசை, விளக்கு, குனிந்த தலை, பலகை மேல் ஒரு விரல்.

கண்ணை மூடியிருக்கலாம். மூட வேண்டும் என்று தோன்றியதும் உண்மை. தன் வாழ்க்கை அந்த விரலில் இருப்பதாகவும் தோன்றியது. மூடவில்லை.

கேஷியரம்மா ஒவ்வொரு பொத்தானாகத் தேடி, உற்றுப் பார்த்து, ஒற்றை விரலால் அழுத்தினார். எஃகில் இடம் வலமாகத் தெரிந்தது. அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க அவருக்கு முயற்சி தேவைப்படவில்லை. எண்களோடு கிடந்து தேய்ந்த தலை. இரண்டாம் முறையும் அதே ஆறு. பொறி பச்சை விளக்கைக் காட்டியது.

“சோதனை,” என்றார் நடத்துநர். “அட்டையை எடுத்து மறுபடியும் செருகி எண்ணை அழுத்தவும். மூன்று முறை தவறினால் அட்டை செயலிழக்கும். செயலிழந்தால் ஒப்படைப்பு ரத்து. பழைய அட்டைதாரர் தொடர்வார்.”

“பயமுறுத்தாதீங்கம்மா,” என்றார் கேஷியரம்மா. “தெனம் ஆயிரம் பேருக்கு ரசீது போடற கை.”

அவர் இப்போது குனியவில்லை. நிமிர்ந்து, முன்னால் யாரோ வரிசையில் நிற்பதுபோல நேரே பார்த்துக்கொண்டு, மூன்று விரல்களால் தடதடவென்று அழுத்தினார். சிவப்பு.

“அட. நம்பர் சரியாத்தான் போட்டேன்.”

“இன்னும் ரெண்டு தடவை இருக்கு. நிதானமாப் போடுங்க.”

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. மறக்கிற நம்பரா அது.”

மறுபடியும் தடதட. சிவப்பு.

சுவரைப் பார்த்து நின்ற யாரும் அசையவில்லை. ஐந்தாம் அட்டைக்காரர் மட்டும் மெதுவாக மூச்சு விட்டார். இன்னொரு வருடமா என்று அதற்கு அர்த்தம்.

மூணு சாருக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. கவுன்டரில் இருக்கும் எண் பலகையில் ஏழு, எட்டு, ஒன்பது மேல் வரிசை. ஒன்று, இரண்டு, மூன்று கீழே. கணக்குப் போடும் பொறிகள் எல்லாம் அப்படித்தான். இந்த அட்டைப் பொறியில் போனில் இருப்பதுபோல ஒன்று, இரண்டு, மூன்று மேலே. பார்த்துப் போட்டபோது சரியாகப் போட்டார். பார்க்காமல் போட்டபோது விரல் கவுன்டருக்குப் போய்விட்டது. எண் சரி, விரல் தப்பு. மூன்றாவது முறையும் அதே விரல்தான் போடும். எண்ணில் கேஷியரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் ஆபத்து.

சொன்னால் பார்த்ததாக ஆகும். ஒருவர் எண்ணை இன்னொருவர் பார்த்தால் அட்டை அந்த இடத்திலேயே செத்தது. சொல்லாவிட்டால் இன்னும் சில நொடிகளில் சாகும். இரண்டிலும் அவர் இந்தப் பட்டையின் மேலேதான் நிற்பார். அவர் எஃகைப் பார்த்தார். கேஷியரம்மாவின் கை உயர்ந்தது.

“கீயைப் பாத்து அழுத்துங்க,” என்றார் சுவரிடம்.

கேஷியரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

“இது கவுன்டர் பலகை மாதிரி இல்லம்மா. இதுல ஒண்ணு மேல இருக்கு.”

“யாரும் பேசக் கூடாது,” என்றார் நடத்துநர்.

கேஷியரம்மா குனிந்தார். “அடக் கடவுளே,” என்றார் மெதுவாக. பிறகு ஒவ்வொன்றாக ஆறு முறை அழுத்தினார். பச்சை.

அந்த நேரம் பெட்டகம் கீச்சிட்டது. கதவு ரொம்ப நேரம் திறந்திருந்தால் அப்படிக் கத்தும். நடத்துநர் போய், புதிய பையை உள்ளே வைக்கும் படி இன்னும் வரவில்லை என்று முணுமுணுத்தபடி கதவைச் சாத்தினார். சத்தம் நின்றது.

“எல்லாரும் திரும்பலாம்.”

ஆடிட்டர் குறி போடவில்லை. பேனாவை மூடி, சட்டைப் பையில் வைத்தார். வயது குறைவான மனிதர், காலையிலிருந்து யாரோடும் சிரித்துப் பேசவில்லை.

“மூணாம் அட்டை. நீங்க எந்தப் பக்கம் பாத்து நின்னீங்க?”

“சுவரைப் பாத்து.”

“திரும்பினீங்களா?”

“இல்ல.”

“அப்ப அவங்க எப்படி அழுத்தினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கும் முதல் தடவை அதே மாதிரி ஆச்சு. நான் கணக்குப் பிரிவு. கை அதுவாப் போயிடும்.”

“அது பதிவுல இருக்கா?”

“இருக்கணும்.”

நடத்துநர் மடிக்கணினியில் தேடினார். பழைய பதிவு எல்லாம் அதில் உண்டு. ஒரு தவறு, பிறகு சரி என்று ஒரு வரி. ஆடிட்டர் அதைப் படித்தார். பிறகு போய் அந்த மஞ்சள் பட்டையின் மேல் நின்று சுவரைப் பார்த்தார். எதிரே சாம்பல் பூச்சு. பக்கத்தில் மூடிய பெட்டகத்தின் வெளிப்புறம், அதுவும் சாம்பல் பூச்சு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

“சத்தத்தை வெச்சுச் சொன்னீங்களா?”

“தடதடன்னு கேட்டுது. பாத்துப் போடறவங்க அப்படிப் போட மாட்டாங்க.”

இதுவும் உண்மைதான். அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை. அதை அவர் கவனித்தார். பொய் சொல்லாமலே இவ்வளவு தூரம் வர முடியும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

“பேசினது தப்பு,” என்றார் ஆடிட்டர். “அது குறிப்புல வரும். மத்தபடி செல்லும்.” பேனாவைத் திறந்து குறி போட்டார். கேஷியரம்மா இவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடப் போய், கேமராவைப் பார்த்து விட்டுவிட்டார்.

பழைய அட்டையை ஒரு பொறிக்குள் விட்டார்கள். அது அரிசி அளவுத் துண்டுகளாக விழுந்தது. பிறகு ஒன்றாம் அட்டை, ஐந்தாம் அட்டை, புதிய மூன்றாம் அட்டை. பெட்டி எழுந்தது. கீழே இருக்கும் சாவிகளுக்கான கையெழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மடிக்கணினித் திரையில் நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்து ஓடியதை நடத்துநர் உரக்கப் படித்தார், எல்லோரும் தங்கள் தாளோடு ஒப்பிட்டுச் சரி என்றார்கள். அவருக்கு அதில் வேலை இல்லை. பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். இனி ஒரு வருடத்துக்கு யார் எங்கே போனைத் தொட்டாலும் அது மேலே மேலே விசாரித்துக்கொண்டு வந்து நிற்கும் இடம் இது. இங்கே வந்ததும் மேற்கொண்டு கேட்காது. கேட்கத் தெரியாது.

முடிவில் உறுதிமொழித் தாள். யாருடைய எண்ணையும் நான் பார்க்கவில்லை, அறியவில்லை என்று அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு வருடமும் படிக்காமல் போடும் கையெழுத்து. இந்த முறை படித்தார். ஆடிட்டர் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள், கேஷியரம்மா காலை மாற்றி மாற்றி நின்றார்.

“சார், சீக்கிரம். எனக்கு அவசரம்.”

போட்டார். எப்போதும் போடும் கையெழுத்தாகவே அது வந்தது.

வெளியே போகும்போதும் அந்த இரண்டு கதவுகள். கேஷியரம்மாவை முதலில் விட்டார்கள். மூணு சார் கடைசியாகப் போனார். பின்கதவு மூடியது. தட்டு எடை பார்த்தது. உள்ளே வந்தபோது இருந்த எடைதான். முன்கதவு உடனே திறந்தது.

போனைத் திரும்ப வாங்கியதும் மனைவியைக் கூப்பிட்டார்.

“முடிஞ்சுது.”

அந்தப் பக்கம் மருத்துவமனைச் சத்தம். சக்கரக் கட்டில் ஒன்று உருண்டு போனது.

“நெஜமாவா?”

“அட்டையைத் தூளாக்கிட்டாங்க. கண்ணால பாத்தேன்.”

“சரி,” என்றாள். பிறகு, “போர்வை எடுத்துட்டு வாங்க. இங்க ஒண்ணுதான் இருக்கு.”

*

மறுநாள் காலைப் பஸ்ஸில் கிளம்பினார். இரண்டு பெட்டி, ஒரு போர்வை மூட்டை. ஜன்னலோரம் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஏறியதும் தூங்கி அவர் தோளில் சாய்ந்தார்.

பாதி வழியில் கேஷியரம்மா கூப்பிட்டார். நேற்றுச் சொல்ல முடியவில்லை, ரொம்ப நன்றி என்றார். பிறகு, எண்ணை மாற்றிக்கொள்ளலாமா என்று நடத்துநரிடம் கேட்டதாகச் சொன்னார். அடுத்த தடவை உள்ளே போகும்போதுதான் முடியுமாம். யாராவது பார்த்திருந்தால் மட்டும் எழுதிக் கொடுக்கலாமாம். கொடுத்தால் நேற்று நடந்தது செல்லாது, பழைய ஆளையே கூப்பிட்டு அவருக்குப் புது அட்டை போடுவார்களாம்.

“யாராவது பாத்தாங்களா?” என்று இவர் கேட்டார்.

“நான் எப்படி சார் பாக்கறது. கீயைத்தான பாத்துட்டிருந்தேன்,” என்றார் கேஷியரம்மா. “நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கப் போறதில்ல. உங்ககிட்ட கேக்கவும் போறதில்ல.”

“சரிம்மா.”

“பஸ்ஸுலயா இருக்கீங்க? அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க.”

மதியத்துக்குமேல் போய்ச் சேர்ந்தார். மனைவிக்கு வேலை முடியவில்லை. மருத்துவமனை வாசலில் பெஞ்சில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். காவலாளி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சொன்னார். நடத்துநரிடமிருந்து போனில் செய்தி வந்தது: சடங்கின் பதிவு வெளியிடப்பட்டது, ஒரு குறிப்புத் தவிரக் குறை ஏதுமில்லை, இத்தனை வருட ஒத்துழைப்புக்கு நன்றி. அந்த ஆறு எண்களும் வரிசை மாறாமல் தலையில் இருந்தன. வேறு எண்களை நினைத்துப் பார்த்தார். பழைய வீட்டு எண், மனைவியின் பிறந்த தேதி, பஸ்ஸின் எண். அவையும் வந்தன, இவையும் போகவில்லை.

அவள் வெளியே வந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். ரொம்ப இளைத்துவிட்டீர்கள் என்றாள். வீட்டில் அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருந்தாள். சட்டைகளை அடுக்கினார். எப்படி முடிந்தது என்று கேட்டாள், நல்லபடியாக முடிந்தது என்றார். வேறு ஏதோ சொல்ல வருகிறார் என்று அவள் கொஞ்சம் காத்திருந்தாள், பிறகு அடுப்பை அணைக்கப் போனாள். சாப்பிட்டார்கள். அவளுக்கு மறுநாள் காலை ஷிஃப்ட். சீக்கிரம் படுத்துவிட்டாள். அவர் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.